மாவு அரைக்கிற லேப்டாப்பும் முறுக்கு தின்ற ஸ்டீம் டெக்கும்

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அக்கா போன் செய்தாள். அந்த நேரத்தில் பாளையங்கோட்டையிலிருந்து போன் வந்தால் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்றுதான் அர்த்தம். பதறிப்போய் எடுத்தேன்.

“ஏல, ஒன் மருமவன் கையில வச்சி வெளையாடுற கம்ப்யூட்டர் ஒண்ணு கேக்கான். தொண்ணூறாயிரமாம். லேப்டாப்பும் அதே வெலைதானாம். எது வாங்கன்னு மாமாட்ட கேளுங்கான். நீ ரெண்டையும் வச்சிருக்கல்லா, சொல்லு. ரெண்டுமே வெளையாட்டுச் சாமான்னா ஒண்ணும் வேண்டாம்.”

அவள் சொன்னது சரி, ரெண்டையும் வைத்திருக்கிறேன். ஆனால் திட்டம் போட்டு வாங்கியதில்லை. முதலில் வாங்கியது எனக்குப் பொருந்தாமல் போனதால் இரண்டாவதை வாங்கினேன். அந்தக் கதையைத்தான் அன்றைக்கு அக்கா மகனிடம் முக்கால் மணி நேரம் சொன்னேன். கேட்டானா தெரியாது. ஒரகடத்தில் ஒரு பேக்டரியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். எனக்கு எதையும் வாட்ஸ் கணக்கில் பார்த்தால்தான் புரியும். அதனால் இங்கேயும் வாட்ஸ் நிறைய வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 கடைசியில் போனஸ் பணத்தோடு கொஞ்சம் கடனும் சேர்த்து 82,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் லேப்டாப் எடுத்தேன். ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் சிப், 6 ஜிபி வீடியோ மெமரி, 15.6 அங்குலத் திரை, எடை 2.3 கிலோ. அதன் அடாப்டரைக் கையில் எடுத்தால் செங்கல்லேதான். பெருங்களத்தூரில் ஒரு பெட்ரூம் வாடகை வீடு. மகளுக்கு நாலு வயது, ஒன்பதரைக்குத் தூங்குவாள். அவள் தூங்கியதும் ஹாலில் மடக்கு மேசையை விரித்து, பிளாஸ்டிக் நாற்காலியைச் சத்தம் வராமல் இழுத்துப்போட்டு உட்காருவேன். சைபர்பங்க் 2077 கேம் திறக்கும். மூன்று நிமிடத்தில் ஃபேன் பிடிக்கும்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்: “என்னங்க, இந்நேரத்துல மாவு அரைக்கிறீங்களா?”

அதில் மிகை ஒன்றும் இல்லை. கிராபிக்ஸ் சிப்பும் பிராசஸரும் சேர்ந்து 130, 140 வாட் இழுக்கின்றன. பழைய 100 வாட் குண்டு பல்பை எரியும்போது தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதைவிட அதிகமான சூட்டை இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு பெட்டியிலிருந்து இரண்டு குட்டி ஃபேன்கள் வெளியே தள்ள வேண்டும். கத்தாமல் அது முடியாது. ஹெட்போன் மாட்டினால் எனக்குக் கேட்காது, வீட்டுக்குக் கேட்கும். சத்தத்தைக் குறைக்கச் சைலன்ட் மோடில் போட்டால், எதற்கு 4050 வாங்கினேன் என்ற கேள்வி வரும்.

இன்னொன்று நேரம். எனக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். பத்து நாளைக்கு ஒரு தடவைதான் லேப்டாப்பைத் திறக்கவே முடியும். திறந்தால் சிஸ்டம் அப்டேட், கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட், கேமுக்கு ஒரு 20 ஜிபி அப்டேட். எல்லாம் முடிந்து நான் விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும்போது நாற்பது நிமிடம் போயிருக்கும். காலையில் ஆறு மணி ஷிப்ட். மூடி வைத்துவிட்டுப் படுப்பேன். இப்படி ஆறேழு மாதத்தில் ஒரு கேமைக்கூட முழுதாக முடிக்கவில்லை.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. வீட்டிலிருந்து பேக்டரிக்கு ஐம்பது நிமிடம், திரும்ப ஐம்பது நிமிடம். ஒரு நாளில் என்னை யாரும் எதுவும் கேட்காத நேரம் அதுதான். அந்த நேரத்தில் மடியில் 2.3 கிலோவை வைத்துக்கொண்டு, வண்டலூர் தாண்டி வருகிற பள்ளங்களில் மவுஸ் பிடிக்க முடியுமா?

2024 செப்டம்பரில் ஸ்டீம் டெக் வாங்கினேன். கையில் பிடித்து விளையாடுகிற கம்ப்யூட்டர், ஹேண்ட்ஹெல்டு என்பார்கள். எல்சிடி திரை உள்ள முதல் மாடல், 36,000 ரூபாய். இதைச் செய்கிற வால்வ் கம்பெனி இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. கடைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, “இம்போர்ட் பீஸ் அண்ணா, ஒரு வருஷம் கடை வாரண்டி” என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

7 அங்குலத் திரை, 669 கிராம். சிப் அதிகபட்சம் 15 வாட் எடுக்கும். என் லேப்டாப்போடு ஒப்பிட்டால் ஒன்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் அதில் ஒரு பட்டன் இருக்கிறது. மேலே, சத்தமில்லாத சின்ன பவர் பட்டன். கேமில் பாஸ் என்கிற பெரிய வில்லனை எதிர்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரகடம் வந்துவிட்டதா? அழுத்தினால் அப்படியே தூங்கிவிடும். எட்டு மணி நேர வேலை முடித்துப் பஸ்ஸில் ஏறி மறுபடி அழுத்தினால் ஒரு சில நொடியில் அதே பாஸ், தூக்கிய கத்தியோடு அந்தரத்தில் நிற்கும். சேவ் செய், வெளியே வா, ஷட் டவுன் செய் என்று எதுவும் இல்லை. ஹாலோ நைட், ஹேடஸ் என்று இரண்டு கேமைப் பஸ்ஸிலேயே முடித்தேன். பக்கத்து சீட்டு வெல்டர் முதல் வாரம் “என்ன சார், பிள்ளை சாமானைத் தூக்கிட்டு வந்துட்டீங்க?” என்று கேட்டார். மூன்றாவது வாரம், “அந்த இடது பக்கம் தாவுங்க சார், வழி இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, பேட்டரிக் கணக்குக்கு வருகிறேன். ஹேண்ட்ஹெல்டு வாங்க நினைக்கிறவர்கள் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம். என் டெக்கின் பேட்டரி 40 வாட் அவர், அதாவது 40 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும். சிப் 15 வாட் இழுத்தால் திரை, வைஃபை, மெமரி, ஃபேன் எல்லாம் சேர்ந்து இன்னும் எட்டு, பத்து வாட் இழுக்கும். மொத்தம் 25 என்று வையுங்கள். 40-ஐ 25-ஆல் வகுத்தால் 1.6, அதாவது ஒரு மணி முப்பத்தாறு நிமிடம். பெரிய கேம் எதைப் போட்டாலும் அவ்வளவுதான். ஹாலோ நைட் மாதிரி இலேசான கேமுக்கு மொத்தமே 10 வாட் போதும். நாலு மணி நேரம் வரும். பெட்டியில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். என்ன கேம் விளையாடுவீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பேட்டரி நிற்கும்.

டெக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வித்தை, திரையை 40 ஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு நாற்பது தடவை மாறும்படி ஓடவிட்டு, கேமையும் செகண்டுக்கு 40 படத்தில், அதாவது 40 ஃபிரேமில் நிறுத்துவது. நாற்பது என்றால் முப்பதுக்குப் பக்கம்தானே என்று தோன்றும். அப்படி இல்லை. 30 ஃபிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 33.3 மில்லி செகண்ட். 60-இல் 16.7. இரண்டுக்கும் சரியாக நடுவில் இருப்பது 25. அதுதான் 40 ஃபிரேம். கண்ணுக்கு 60-க்குப் பாதி வழி வந்துவிட்டது போலத் தெரியும், பேட்டரிக்கோ 30-ஐவிடக் கொஞ்சம்தான் கூடுதல் செலவு. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்.

லேப்டாப்புக்கு இந்தப் பேட்டரிக் கணக்கே கிடையாது. விமானத்தில் 100 வாட் அவருக்கு மேலே போனால் தனி அனுமதி வேண்டும் என்பதால் எந்தக் கம்பெனியும் அதற்கு மேல் பேட்டரி போடுவதில்லை. என்னுடையதில் 60-தான். 140 வாட் இழுக்கிற இயந்திரத்தை அதை வைத்து எவ்வளவு நேரம் ஓட்டுவது? அவ்வளவு வாட்டைப் பேட்டரியால் ஒரேயடியாகக் கொடுக்கவும் முடியாது, அதனால் பிளக்கைப் பிடுங்கியதும் சிப் தானாகவே தன்னைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் தெருவில் மாலையில் கரண்ட் போனால் அறுபதில் ஓடிய கேம் இருபத்தைந்துக்கு விழும். கேமிங் லேப்டாப்பில் இருக்கிற பேட்டரியை யுபிஎஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஏமாற்றம் இருக்காது.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது டெக்கும் ஒரு பவர் பேங்கும் போதும். 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் அவர். சேதாரம் போக அறுபது கிடைக்கும், அதாவது டெக்குக்கு ஒன்றரைத் தடவை. பவர் பேங்க் டைப்-சியில் 45 வாட் கொடுக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் விளையாட விளையாட இறங்கிக்கொண்டே போகும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் பெட்டியில் சார்ஜிங் பாயின்டை அணைத்துவிடுவார்கள். அணைக்காவிட்டாலும் அந்தப் பிளக்கில் லேப்டாப்பின் செங்கல்லை மாட்டுகிற துணிச்சல் எனக்கு இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா மகன் சந்தோஷமாகச் சொன்னான்: “அப்ப ஹேண்ட்ஹெல்டுதான் மாமா! நானும் அதைத்தான் சொல்றேன், அம்மாதான் கேக்க மாட்டேங்கா.”

அவன் கேட்டது ஆசஸ் கம்பெனியின் ஆர்ஓஜி அலை எக்ஸ் (ROG Ally X) என்கிற ஹேண்ட்ஹெல்டு. இந்தப் பெயரை எப்படி எழுதினாலும் வம்பு. அலை என்றால் கடல், ஆலை என்றால் பஞ்சு. அது நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். 80 வாட் அவர் பேட்டரி, என் டெக்கைப் போல இரண்டு மடங்கு. 24 ஜிபி மெமரி. ஹேண்ட்ஹெல்டில் கிராபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது, ஒரே பானையிலிருந்துதான் பிராசஸரும் கிராபிக்ஸும் சாப்பிட வேண்டும், அதனால் டெக்கின் 16-க்குப் பதில் 24 இருப்பது பெரிய விஷயம். எல்லாம் சரி.

“என்ன கேம் விளையாடப் போற?”

“வலோரன்ட்தான் மாமா. ஹாஸ்டல்ல எல்லாரும் அதான்.”

அங்கேயே முடிந்தது. வலோரன்ட் ஆன்லைனில் சுட்டு விளையாடுகிற கேம். அதில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க வைத்திருக்கிற வான்கார்டு என்கிற காவல்காரன் விண்டோஸின் அடிவயிற்றில் போய் உட்காருகிறவன். டெக்கில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ், அதனால் அங்கே திறக்கவே திறக்காது. டெக்கில் நேற்று ஓடியது இன்றைக்கு நிற்பதும் உண்டு. 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைன் கேமுக்குப் பேட்டில்ஐ என்கிற இன்னொரு காவல்காரன் வந்ததும் அப்படித்தான் நின்றது. அலை எக்ஸில் விண்டோஸ் இருக்கிறது, வலோரன்ட் திறக்கும். ஆனால் கம்ப்யூட்டரில் அந்த கேம் கன்ட்ரோலரையே, அதாவது ஹேண்ட்ஹெல்டின் பட்டன்களையும் கட்டைவிரல் ஸ்டிக்கையும், ஏற்காது. கீபோர்டும் மவுஸும் வேண்டும்.

“மாட்டிக்கலாம்லா மாமா, டைப்-சி இருக்கே.”

“மாட்டு. அப்புறம் 7 அங்குலத் திரையை ரெண்டடி தள்ளி வச்சி எதிரியோட தலையை எப்பிடிப் பாப்ப?”

“ஒரு மானிட்டர்…”

“அப்ப மானிட்டர், அதெல்லாம் சேத்து மாட்ட டாக், கீபோர்டு, மவுஸு. ஒரு லேப்டாப்ப அஞ்சு துண்டா ஒடச்சி வாங்குற. சரி, என்ன குரூப்பு எடுத்திருக்க?”

“மெக்கானிக்கல்.”

இதை அவன் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னான். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படிக்கப்போகிறவன் ஆட்டோகேட், சாலிட்ஒர்க்ஸ் மாதிரி வரைபட சாஃப்ட்வேர் இல்லாமல் நாலு வருஷம் ஓட்ட முடியாது. ஒரு கியர் பாக்ஸ் வரைபடத்தை உள்ளங்கை அகலத் திரையில் விரலால் தடவி அளவு போடுவதைக் கற்பனை செய்து பார்த்தேன். எனக்கு 38 வயது, வெள்ளெழுத்து எட்டிப் பார்க்கிறது. டெக்கில் நீளமான வசனம் வருகிற கேம்களையே மூக்குக்குக் கிட்டே பிடித்துத்தான் படிக்கிறேன்.

ஹேண்ட்ஹெல்டில் திரை கூர்மையாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் கடைசியாக ஒரு வாதம் வைத்தான். லீஜியன் கோ என்கிற இன்னொரு ஹேண்ட்ஹெல்டில் 2560-க்கு 1600 புள்ளி இருக்கிறதே என்றான். பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். டெக்கில் 1280-க்கு 800, சுமார் பத்து லட்சம் புள்ளிகள். அலையில் 1920-க்கு 1080, இருபது லட்சம். லீஜியன் கோ நாற்பது லட்சம். ஒவ்வொரு படியிலும் இரண்டு மடங்கு வேலை, ஆனால் வண்டியை இழுக்கிற மாடு 15-லிருந்து 30 வாட் வரைதான். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஃபிரேமும் இரட்டிப்பாகும் என்றால் பரவாயில்லை, அதுவும் ஆகாது. மேலே போகப்போக வாட் எரியும், ஃபிரேம் ஏறாது. அதனால்தான் அந்தப் பெரிய திரை வாங்கினவர்களும் கேமுக்குள் போய் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்து விளையாடுகிறார்கள். டெக்கின் 800 வரிகளைச் சிலர் கேலி செய்வார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கருவியில் எடுத்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமானது அதுதான்.

ஆக, எனக்குப் பொருந்தாத பொருளைத்தான் அவனுக்கு வாங்கச் சொன்னேன். அவனுக்கு உட்கார மேசை இருக்கிறது, தூங்குகிற குழந்தை இல்லை, ராத்திரி இருக்கிறது. கூட இருக்கிற மூன்று பேரும் லேப்டாப்பில் மாவு அரைக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள், சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை.

அக்காவிடம் மறுபடி போன் போனது. “லேப்டாப் எடுத்துக் குடு. படிப்புக்கு வேணும்” என்றேன். அவன் பின்னாலிருந்து “மாமா!” என்று கத்தியது கேட்டது. துரோகம்தான், என்ன செய்ய.

வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கடையில் ஆர்டிஎக்ஸ் 4050 என்று மட்டும்தான் பலகை வைத்திருப்பார்கள். ஆனால் லேப்டாப்புக்கான 4050 என்பது 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். பெயர் ஒன்று, ஸ்டிக்கர் ஒன்று, வேலை வேறு. எங்கள் தொழிலில் ஒரு மோட்டாரில் இப்படிப் பெயர்ப்பலகை ஒட்டினால் அடிதான் விழும். அதனால் டிஜிபி (TGP), அதாவது கிராபிக்ஸுக்குக் கொடுக்கிற மொத்த பவர், எத்தனை வாட் என்று கேள், கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கம்பெனி இணையதளத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டுப் பார் என்றேன். அப்புறம் மெமரி ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஹேண்ட்ஹெல்டில் மெமரியைப் போர்டோடு பற்றவைத்துவிடுவார்கள். வாங்கின அன்றைக்கு என்னவோ அதுதான் கடைசி வரை. அவன் காந்திபுரத்தில் இரண்டு கடை ஏறி இறங்கி, 88,000-க்கு ஒன்றை எடுத்தான். முதல் கடைக்காரர் டிஜிபி என்றதும் “அது போலீஸ்ல இருக்கிறவரு தம்பி” என்றாராம்.

என் லேப்டாப்பை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். விற்கவில்லை. ஸ்டீம் என்கிற வால்வின் ஆன்லைன் கடையில் வாங்கின கேம் பெரும்பாலும் இரண்டிலும் ஓடும், நிறைய கேம்களில் சேவும் தானாக இங்கேயிருந்து அங்கே போய்விடும். அது போக ரிமோட் ப்ளே என்று ஒன்று இருக்கிறது. கேம் லேப்டாப்பில் ஓடும், படம் மட்டும் வைஃபையில் டெக்குக்கு வரும். டெக் வெறும் வீடியோ காட்டுகிற வேலைதான் பார்ப்பதால் பேட்டரியும் நிற்கும். மாவு அரைக்கிற சத்தம் வேறு அறையில் இருந்தால் போதுமே என்று ஒருநாள் லேப்டாப்பைச் சமையல் மேடையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, படுக்கையில் டெக்கோடு சாய்ந்தேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, மலைமேல் குதிரை, மகள் பக்கத்தில் தூக்கம். சொர்க்கம். தண்ணீர் குடிக்கப் போன மனைவி அஞ்சு நிமிடம் கழித்து வந்து, “அந்தப் பொட்டிப் பக்கத்துல வச்ச இட்லி மாவு ராத்திரியே பொங்கிருச்சு” என்றாள். வெந்நீர் ஆவி மாதிரி அடிக்கிறதாம். இப்போது அதைப் பாத்திர அலமாரிப் பக்கம் மாற்றி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் மாவு பொங்காவிட்டால் மட்டும் பழைய இடத்துக்கு வரச் சொல்லி உத்தரவு.

கடை வாரண்டிச் சீட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? வாங்கி ஒரு மாதத்திலேயே தீபாவளி. மகள் முறுக்குக் கையோடு டெக்கை எடுத்து விளையாடியிருக்கிறாள். மறுநாள் பஸ்ஸில் திறந்தால் என் ஆள் தானாக இடது பக்கமே நடக்கிறான். சுவரில் முட்டிக்கொண்டு நடக்கிறான். கடைக்குப் போய்ச் சீட்டைக் காட்டினேன். “அது போர்டுக்கு அண்ணா, ஸ்டிக்குக்கு வராது” என்றார்கள். சரி, நம்ம தொழில்தானே என்று வீட்டிலேயே பிரித்தேன். பின்மூடியில் எட்டு ஸ்க்ரூ. எட்டையும் கழற்றி மூடியைக் கிளப்பியபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம். மெமரி கார்டை முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். 256 ஜிபி கார்டு அழகாக இரண்டாக உடைந்து, பாதி மூடியிலும் பாதி உள்ளேயும் இருந்தது. ஸ்டிக்கின் அடியில் முறுக்குத் தூள், கூடவே ஒரு எள். பழைய பல்துலக்கியும் கொஞ்சம் ஐபிஏ என்கிற ஆல்கஹாலும் வைத்துத் துடைத்தேன். அன்றிலிருந்து சரியாக இருக்கிறது.

நேற்று அக்கா மகன் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டான். லேப்டாப் நன்றாக ஓடுகிறதாம். சாலிட்ஒர்க்ஸ் போட்டுவிட்டானாம், வலோரன்ட் 150 ஃபிரேமுக்கு மேல் போகிறதாம். ஒரு அறைக்கு இரண்டு பிளக்தான், நாலு பேருக்கும் அதில்தான் சண்டையாம். பேசிக்கொண்டே வந்தவன் கடைசியில் குரலை இறக்கினான்.

“மாமா, தீபாவளிக்கு வரும்போது அந்த டெக்கையும் கொண்டு வாங்க மாமா. ஊருக்கு லேப்டாப்பத் தூக்கிட்டு வர முடியல, பஸ்ஸுல கனம் கனமா கனக்கு.”

கொண்டுவருகிறேன் என்றேன். மெமரி கார்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கொண்டுபோவேன், அவனும் மெக்கானிக்கல் படிக்கிறவன், பிரித்துப் பார்க்காமல் இருக்க மாட்டான். அக்கா சுடுகிற முறுக்கில் எள் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். கையைக் கழுவிவிட்டுத் தொடு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.